செற்றில ஒரு பிழையும் இல்லை அக்கா

பழுதாகாமலே ஒரு சாமான் உதவாமல் போகும் என்பது எங்கள் பக்கத்து ஆட்களுக்குப் புதுசு. வன்னியில் பழுது என்றால் என்னவென்று எல்லோருக்கும் தெரியும். பியூஸ் போகும், மின்னலுக்குப் போர்ட் அடிபடும், உள்ளே பல்லி போய்ச் செத்துக் கிடக்கும். கழற்றிப் பார்க்கலாம், கிளிநொச்சிக்குக் கொண்டுபோய்க் கொடுக்கலாம், ஒன்றுக்கும் சரிவராவிட்டால் பழைய இரும்புக்காரருக்குப் போடலாம். எங்கள் வீட்டு ரீவி இந்தக் கணக்கில் வராது. படம் பளிச்சென்று வருகிறது, சத்தம் கேட்கிறது, ரிமோட்டும் வேலை செய்கிறது. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலை அம்மா நேரலையில் பார்க்கிற செயலி மட்டும், இந்த ரீவியில் இனி ஓடாது என்று ஆங்கிலத்தில் ஒரு வரியைக் காட்டிவிட்டு நின்றுவிட்டது.

மாமா ரொறன்ரோவிலிருந்து கப்பலில் போட்ட பெட்டியில் வந்த ரீவி அது. கனடாச் செற் என்பதால் 110-120 வோல்ட்தான் தாங்கும். எங்கள் 230ஐக் குறைக்க ஒரு ட்ரான்ஸ்போமர் வைத்து, அதன் இரைச்சலுக்கும் பழகி, ஓட்டினோம். அன்ரனா போட்டால் ஒரு சனலும் இழுக்காது, ஏனென்றால் அங்கத்தைய ஒளிபரப்பு முறை வேறு, இங்கத்தைய முறை வேறு. ஆக அந்தப் பெரிய திரைக்கு இன்டர்நெட்தான் உயிர். கண்டி வீதியில் ரீவி திருத்துகிற தம்பி வந்து பார்த்துவிட்டு, "செற்றில ஒரு பிழையும் இல்லை அக்கா, அங்கால கொம்பனிக்காரர் நிப்பாட்டிப்போட்டினம், நான் என்னத்தைக் கழட்டுறது?" என்றார். காசும் வாங்கவில்லை.

இது எங்களுக்கு மட்டும் நடந்ததில்லை. 2015 ஏப்ரலில் யூரியூப் தன் பழைய இணைப்பு முறையை மூடியபோது 2012இலும் அதற்கு முன்பும் செய்த எத்தனையோ ரீவிகளில் அந்தச் செயலி செத்துப்போனது. 2019 டிசம்பரில் நெட்பிளிக்ஸ், 2010, 2011 காலத்து சாம்சுங் ரீவிகள் சிலவற்றையும் ரீவியில் கொழுவிப் படம் பார்க்கிற பழைய றோக்கு பெட்டிகளையும் கைவிட்டது. கூகிளின் நெஸ்ட் என்று வீட்டுச் சூட்டைக் கட்டுப்படுத்துகிற கருவி ஒன்று உண்டு (எங்கள் வெயிலுக்கு அது எதற்கு, அதை விடுங்கள்), அதன் முதல் இரண்டு தலைமுறைகளும் 2025 ஒக்டோபர் 25 முதல் போனோடு பேசுவதில்லை. சுவரில் போய்க் கையால்தான் திருக வேண்டும்.

எல்லா இடத்திலும் வேண்டுமென்றே நிறுத்துகிறார்கள் என்றும் சொல்ல முடியாது. இன்டர்நெட்டில் ஒரு தளத்தோடு பேசுவதற்கு முன், அது உண்மையான தளம்தானா என்று அறிய ரீவி அதன் சான்றிதழைப் பார்க்கும். எந்தச் சான்றிதழை நம்பலாம் என்ற பட்டியலை, செய்யும்போதே உள்ளே வைத்துவிடுவார்கள். அந்தப் பட்டியலில் உள்ளதற்கும் காலாவதித் திகதி இருக்கிறது, கடையில் வாங்குகிற பிஸ்கற்றுக்கு இருப்பதுபோல, என்ன, பெட்டியில் அச்சடித்திருக்காது. 2021 செப்டம்பர் 30 அன்று அந்தப் பட்டியலில் இருக்கிற அப்படி ஒரு சான்றிதழ் காலாவதியாகி, அப்டேட் வராத பழைய கருவிகள் பல தளங்களுக்குள் போக முடியாமல் நின்றன. 2025 மார்ச்சில், ரீவியில் கொழுவுகிற கூகிளின் இரண்டாம் தலைமுறைக் குரோம்காஸ்ட்டுகள் ஒரேயடியாகப் படுத்ததும் ஒரு சான்றிதழ் காலாவதியான வருத்தத்தால்தான். கூகிள் அப்டேட் அனுப்பி எழுப்பியது. அனுப்ப மனமில்லாத கொம்பனியாக இருந்தால் அவ்வளவுதான்.

இதில் எங்களுக்கு உதவுகிற ஒரு விசயம் இருக்கிறது. கறண்ட் போய் வந்த பிறகு ரீவியோடு கொழுவுகிற அன்ரொயிட் பெட்டி நெற் இல்லை என்று சொன்னால் உடனே ரவுட்டரைத் திட்டாதீர்கள், திகதியைப் பாருங்கள். மலிவான பெட்டிகள் பலவற்றில் மணிக்கூட்டுக்குப் பற்றரி கிடையாது, கறண்ட் போனால் 1970க்குப் போய் நிற்கும். 1970இல் நிற்கிற பெட்டிக்கு இன்றைய சான்றிதழ் எல்லாம் இன்னும் பிறக்காதவை, நம்பாது. திகதியைத் திருத்தினால் வேலை செய்யும். 2022 மின்வெட்டுக் காலத்தில் எங்கள் ஒழுங்கையில் பாதி வீட்டுக்கு இதுதான் வைத்தியம்.

தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையால் பற்றரி கிடைக்காதபோது சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட சனம் நாங்கள். 2017இல் பிபிசி தமிழோசை சிற்றலையில் நின்றபோதும் அந்த வானொலிப் பெட்டி குப்பையாகவில்லை, முள்ளைத் திருப்பினால் வேறு நிலையம் வந்தது. எந்த நிலையமும் எந்தப் பெட்டியிலும் கேட்கும் என்பதுதான் அதன் பலம். இந்த ரீவியிலோ திருப்புவதற்கு முள்ளே இல்லை, எந்தச் செயலி ஓடலாம் என்பதைச் செய்தவர்தான் தீர்மானிக்கிறார். எனக்குக் கோபம் அந்த இடத்தில்தான்.

வெளிநாட்டு உறவுகள் காணிக்கும் வீட்டுக்கும் பூட்டுவிக்கிற வைபை கமராவிலும் இதே கதை இருக்கிறது. லண்டனிலிருந்து வாசலைப் பார்க்கலாம் என்று வாங்குவார்கள், பிறகு செயலி மாறும், நேற்றையதைத் திருப்பிப் பார்க்க மாதக் காசு கேட்கும். மெமரி காட் போடக்கூடியதா, ஒன்விஃப் என்ற பொது முறையில் வேலை செய்யுமா என்று கேட்டு வாங்கினால், கொம்பனி கைவிட்டாலும் வேறொரு ரெக்கோடரோடு கொழுவலாம். பிரித்தானியாவில் இருப்பவர்களுக்கு இன்னொரு வசதி: 2024 ஏப்ரல் 29 முதல் அங்கே நெற்றோடு இணைகிற சாமான்களுக்குப் பாதுகாப்பு அப்டேட் எவ்வளவு காலம் வரும் என்று செய்தவர் சொல்லியே ஆக வேண்டும், அது சட்டம். வாங்க முதல் அதைத் தேடி வாசியுங்கள்.

எங்கள் ரீவியின் எச்டிஎம்ஐ துளையில் இப்போது செயலிகளைத் தானே ஓட்டுகிற ஒரு சின்ன ஸ்டிக் கொழுவியிருக்கிறோம். அதுவும் ஒருநாள் நிற்கும், ஆனால் ஸ்டிக் போனால் ஸ்டிக்கை மட்டும் மாற்றலாம். பெட்டி போடுகிற மாமாமார், சித்திமார் யாராவது இதை வாசித்தால், ரீவி வேண்டாம். காசாக அனுப்புங்கள், இங்கத்தைய அன்ரனாவுக்குப் பிடிக்கிற ஒன்றை இங்கேயே வாங்கிக்கொள்கிறோம்.