சுற்றாத மோட்டாரும் வாட்டம் விட்ட மாடியும்

சென்ற ஏப்ரலில் மகளின் பிறந்தநாளுக்கு அறிவியல் பெட்டி ஒன்று பரிசாக வந்தது. மோட்டார், பல்சக்கரங்கள், சிறு விளக்குகள், வண்ணத்தில் அச்சிட்ட கையேடு என எல்லாம் அழகாக அடுக்கிய, 1,200 ரூபாய்ப் பெட்டி. 11 வயது மகள் கையேட்டின் படங்களைப் பார்த்தபடியே 40 நிமிடத்தில் விசிறியைச் சுற்ற வைத்துவிட்டாள். 7 வயது மகன் இரண்டு முறை கை தட்டினான். மறுநாள் பெட்டி அலமாரியின் மேல்தட்டுக்குப் போனது, இன்றும் அங்கேதான் இருக்கிறது. பெட்டியில் குறை ஒன்றும் சொல்வதற்கில்லை. எந்தக் கம்பியும் தவறான துளையில் நுழையாதபடி அவ்வளவு கவனமாகச் செய்திருந்தார்கள். தவறவே வழியில்லாத ஒன்றைப் பார்த்துக் குழந்தை கேட்பதற்கு என்ன இருக்கிறது என்ற எண்ணம்தான் எனக்கு வந்தது.

அதன் பிறகு, வீட்டில் கிடைப்பதையும் தெருமுனைக் கடையில் கிடைப்பதையும் கொண்டு எதையாவது செய்து பார்ப்பது என்று முடிவு செய்தோம். நான் வணிகவியல் படித்துக் கணக்கு எழுதும் வேலை பார்ப்பவள். பத்தாம் வகுப்போடு இயற்பியலுக்கும் எனக்கும் இருந்த உறவு முடிந்துவிட்டது. பிள்ளைகளின் கேள்விக்கு விடை தெரியாமல் விழிப்பதைத் தொடக்கத்தில் ஒரு குறையாகவே நினைத்தேன். இப்போது அப்படி நினைப்பதில்லை. விடை தெரிந்தவர்கள் வாயைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியிருக்கிறது. எனக்கு அந்தச் சிரமம் இல்லை.

முதலில் செய்தது மோட்டார். ஒரு பெரிய டார்ச் செல், இரண்டு ஊக்குகள், சைக்கிள் டியூபிலிருந்து வெட்டிய ரப்பர் பட்டை, பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம், மின்சாரத்தைக் கடத்தாத இனாமல் பூசிய செம்புக் கம்பி, இவ்வளவுதான் தேவை. கான்பூர் ஐஐடியில் பொறியியல் படித்துவிட்டு, தூக்கி எறியும் பொருள்களிலிருந்து அறிவியல் பொம்மைகள் செய்து காட்டுவதையே வாழ்நாள் வேலையாகக் கொண்டவரும், 2018-இல் பத்மஸ்ரீ பெற்றவருமான அர்விந்த் குப்தா, இந்த மோட்டாரைப் பள்ளிப் பிள்ளைகளிடையே பரப்பியவர்களில் முக்கியமானவர். கம்பிக்காக, சென்னை நங்கநல்லூரில் எங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள, மோட்டாருக்குக் காயில் கட்டும் கடைக்குப் போனோம். “எத்தனாம் நம்பர் கேஜ் வேணும்?” என்று கடைக்காரர் கேட்டதும் நானும் மகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கேஜ் என்பது கம்பியின் தடிமனைச் சொல்லும் எண்ணாம். விஷயத்தைச் சொன்னவுடன் 22-ஆம் கேஜில் இரண்டு மீட்டர் வெட்டிக் கொடுத்தவர் காசு வாங்கவில்லை. “சுத்துச்சுன்னா கொண்டாந்து காட்டணும் பாப்பா” என்பது மட்டுமே அவர் போட்ட நிபந்தனை.

செல்லின் மேலேயே கம்பியைப் பத்துச் சுற்றுச் சுற்றி உருவியெடுத்து, இரண்டு முனைகளையும் எதிரெதிர்ப் பக்கமாக நீட்டி, செல்லின் இரு பக்கமும் ரப்பர் பட்டையால் இறுக்கிய ஊக்குகளின் வளையங்களில் அந்த முனைகளைத் தூளிபோல மாட்டி, செல்லின் முதுகில் காந்தத்தை வைத்தாள். சுருள் அசையவில்லை. காந்தத்தைத் திருப்பி வைத்தாள், செல்லை மாற்றினாள், அப்போதும் அசையவில்லை. கம்பியின் மேல் பூச்சு இருப்பதை அவள் ஏற்கவே இல்லை. “செம்பு மாதிரிதானேம்மா பளபளன்னு இருக்கு?” என்று வாதாடினாள். செல்லுக்கும் டார்ச் பல்புக்கும் நடுவே அதே கம்பியைப் பிடித்துப் பார்த்தபோது பல்பு எரியவில்லை. உப்புத்தாளை எடுத்து இரு முனைகளையும் நன்றாகத் தேய்த்த பிறகு பல்பு எரிந்தது. வெற்றி என்று நினைத்து மறுபடி மாட்டினால், சுருள் ஒரு துள்ளுத் துள்ளி, முன்னும் பின்னும் ஆடி, நின்றுவிட்டது.

என் மாமனார் ஒரு தொழிற்சாலையில் முப்பது ஆண்டுகள் ஃபிட்டராக இருந்தவர். பார்த்த உடனே அவருக்குக் காரணம் புரிந்துவிட்டது என்பது முகத்திலேயே தெரிந்தது. “மாமா, இரண்டு நாள் பொறுத்துக்கொள்ளுங்கள்” என்று சமையலறைப் பக்கம் அழைத்துப்போய்ச் சொன்னேன். நாளிதழை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனவர், அங்கிருந்தே இரண்டு நாளும் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் அவரைவிடத் துன்பப்பட்டவர் யாருமில்லை.

விடை வந்தது ஒரு கோளாற்றின் வழியாக. ரப்பர் பட்டை தளர்ந்து ஒரு ஊக்கு செல்லைத் தொட்டும் தொடாமலும் இருந்தபோது, நின்றுபோயிருந்த சுருள் தற்செயலாக இரண்டு முழுச் சுற்றுச் சுற்றியது. அதைப் பார்த்தவள் மகள்தான். பட்டையை எடுத்துவிட்டு ஊக்கை விரலால் அழுத்தியும் விட்டும் பார்த்தாள். பாதிச் சுற்று வந்ததும் விரலை எடுத்தால் மீதிப் பாதியைச் சுருள் தன் வேகத்திலேயே கடந்துவிடுகிறது. எடுக்காவிட்டால் திரும்பி வருகிறது. மின்சாரம் ஓயாமல் ஓடினால், முதல் பாதிச் சுற்றில் முன்னே தள்ளும் காந்தமே அடுத்த பாதியில் பின்னே இழுக்கிறது. ஆகவே ஒவ்வொரு சுற்றிலும் பாதி நேரம் மின்சாரம் நிற்க வேண்டும். தாத்தா சொல்லியிருந்தால் கம்பியின் ஒரு முனையைப் பாதி மட்டும் தேய்க்கச் சொல்லியிருப்பார். எல்லாச் செய்முறைகளிலும் இருப்பது அதுதான். இவள் ஏற்கெனவே முழுவதும் தேய்த்துவிட்டாளே! என் நகப்பூச்சை எடுத்துவந்து, சுருளைச் செங்குத்தாகப் பிடித்துக்கொண்டு, ஒரு முனையின் மேல்பாதியில் மட்டும் தீற்றிக் காயவைத்து மாட்டினாள். சுற்றியது. கடைக்காரரிடம் காட்டியபோது அவர் சுருளை விட்டுவிட்டு நகப்பூச்சைத்தான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த மோட்டாரை ஒரு நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து ஓட விடக் கூடாது; கம்பியில் தடை மிகக் குறைவு என்பதால் செல்லும் சுருளும் சூடாகிவிடும். 1.5 வோல்ட் செல்லோடு விளையாடலாம், சுவரிலிருக்கும் 230 வோல்ட் பக்கம் கம்பி போகவே கூடாது என்பதை எங்கள் வீட்டில் முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். பழைய மொபைல் பேட்டரியைப் பிரிப்பதும் தடை. பொத்தான் செல்களும் பொடிக் காந்தங்களும் சிறு குழந்தையின் கைக்கு எட்டக் கூடாது; விழுங்கிய பொத்தான் செல் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடக்கூடியது. குளியலறையில் இருக்கும் பிளீச்சிங் பவுடரையும் ஆசிட்டையும் ஒன்றாகக் கலந்தால் நச்சு வாயுவான குளோரின் கிளம்பும் என்பதால், அந்த இரண்டும் எங்கள் வீட்டில் ஒரே அலமாரியில் இருப்பதில்லை.

வேதியியலுக்குச் சமையலறையே போதும். சமையல் சோடாவில் வினிகர் ஊற்றிப் பொங்க வைக்கும் எரிமலை மீது எனக்குப் பெரிய மதிப்பில்லை. ஒருமுறை பொங்கும், எல்லாரும் ஆர்ப்பரிப்பார்கள், அதற்குமேல் பிள்ளைக்கு அதில் வேலை இல்லை. ஆரத்தித் தட்டு அப்படியல்ல. மஞ்சள் கரைத்த நீரில் சுண்ணாம்பு சேர்ந்ததும் ஏன் சிவக்கிறது என்று தொடங்கினால், பள்ளிச் சட்டையில் விழுந்த சாம்பார்க் கறை சோப்புப் பட்டவுடன் சிவப்பது ஏன், எலுமிச்சை பிழிந்தால் மறுபடி மஞ்சளாவது ஏன் என்று அது வளர்ந்துகொண்டே போகிறது. சங்குப்பூவைக் கொதிநீரில் ஊறவைத்தால் கிடைக்கும் நீலச் சாறு எலுமிச்சையில் ஊதாவாகவும் சோடாவில் பச்சையாகவும் மாறும். மகன் இதைக் கொண்டு வீட்டிலுள்ள தயிர், புளி, ஷாம்பு, ரசம் அனைத்தையும் சோதித்துத் தீர்த்தான். மஞ்சளால் புளியையும் தண்ணீரையும் பிரித்தறிய முடியாது, சங்குப்பூவால் முடியும் என்று கண்டுபிடித்தவனும் அவனே.

கத்திரி வெயில் நாட்களில் மண்பானை ஒன்றையும் எவர்சில்வர் சொம்பு ஒன்றையும் நீர் நிரப்பிப் பால்கனி நிழலில் வைத்து, மணிக்கொருமுறை வெப்பநிலை எழுதினோம். காய்ச்சல் பார்க்கும் பாதரச வெப்பமானி இதற்குப் பயன்படாது, அது 35 டிகிரியில்தான் தொடங்கும். சமையலுக்கு விற்கும் கம்பி நுனி வெப்பமானியை வாங்கிக்கொண்டோம். ஒரு நாள் மதியம் 12 மணிக்கு, வறண்ட மேற்குக் காற்று முகத்தில் அனலாய் அடித்தபோது, சொம்பு 36, பானை 29. மாலை 4 மணிக்குக் கடற்காற்று வந்து நாங்கள் எல்லாரும் ஆறுதலாக மூச்சுவிட்ட நேரத்தில், சொம்பு 34-க்கு இறங்கியிருக்க, பானை 30-க்கு ஏறியிருந்தது. “எல்லாருக்கும் ஜில்லுன்னு ஆச்சு, பானைக்கு மட்டும் ஏன் சூடாச்சு?” என்று மகன் கேட்டான். கடற்காற்று ஈரத்தைச் சுமந்து வருகிறது. காற்றில் ஈரம் கூடினால் பானையின் மேற்புறத்தில் கசியும் நீர் ஆவியாவது குறைகிறது. ஆவியாகும் நீர்தான் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. கடலுக்கு இவ்வளவு அருகிலிருக்கும் ஊரில் ஒரே நாளில் இந்த இரண்டையும் எளிதாகப் பார்க்க முடிகிறது. பெயிண்ட் அடித்த பானை குளிராததையும், நம் போர் தண்ணீரின் உப்பு படிந்த பழைய பானை சோம்பேறியாகிவிடுவதையும் இதோடு சேர்த்துச் சோதிக்கலாம்.

எங்களை அதிகம் அலைக்கழித்தது நிழலில்லா நாள்தான். சென்னை ஏறக்குறைய 13 டிகிரி வட அட்சரேகையில் இருப்பதால், ஆண்டுக்கு இரு முறை, ஏப்ரல் 24-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 18-ஐ ஒட்டியும், நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. செங்குத்தாக நிற்கும் பொருளுக்கு அந்தக் கணத்தில் நிழல் விழாது. ஏப்ரல் 24 அன்று ஒரு அடி நீள பிவிசி குழாய்த் துண்டை மொட்டை மாடியில் நிறுத்திவிட்டு, 11.45 முதல் குடையோடு காத்திருந்தோம். 12 மணி ஆனது, நிழல் இருந்தது. 12.07-க்கு மிகச் சிறுத்தது. ஆனாலும் அரை சென்டிமீட்டர் பிறை ஒன்று அடியில் ஒட்டிக்கொண்டே இருந்தது, பிறகு மறுபக்கம் நீளத் தொடங்கிவிட்டது. நாளைத் தவறாகக் கணக்கிட்டுவிட்டோம் என்றே நான் நினைத்தேன். மகன் கையிலிருந்த தண்ணீர்ப் பாட்டிலைக் கொட்டிவிட்டதும், தண்ணீர் வடிகுழாயை நோக்கி ஓடியதும், மகள் அதையே உற்றுப் பார்த்ததும் அப்போதுதான் நடந்தது. மழைநீர் தேங்காமல் ஓடுவதற்காக மேஸ்திரிகள் மாடித் தரைக்கு வாட்டம் விட்டிருப்பார்கள். அறுபது அடிக்கு ஓரடி வாட்டம் என்றாலே ஒரு டிகிரி சாய்வு. ஓரடிக் குழாய்க்கு அது அரை சென்டிமீட்டர் நிழல். மறுநாள் தூக்குக்குண்டு கட்டிக் குழாயை நிமிர்த்தி வைத்தோம். நாள் ஒன்று தள்ளிப்போனாலும் சூரியன் மூன்றில் ஒரு பங்கு டிகிரி அளவுக்கே நகர்ந்திருக்கும் என்பதால், நிழல் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்தது.

உச்சி 12 மணிக்கு வராமல் 12.07-க்கு வருவது ஏன் என்பது அடுத்த கேள்வி. நம் கடிகாரங்கள் 82.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகைக்கு ஏற்ப ஓடுகின்றன; சென்னை அதற்கு இரண்டேகால் டிகிரி மேற்கே இருக்கிறது; டிகிரிக்கு 4 நிமிடம் வீதம் 9 நிமிடத் தாமதம். ஏப்ரல் இறுதியில் சூரியன் கடிகாரத்தைவிட 2 நிமிடம் முந்தி ஓடுவதால் 7.

அதே 24-ஆம் தேதி, நாகர்கோவிலில் இருக்கும் என் நாத்தனார் மகன் தன் வீட்டு முற்றத்தில் 1 மீட்டர் குச்சியை நட்டு, 12.18-க்கு, அங்கு அதுதான் உச்சி, தெற்கு நோக்கி விழுந்த நிழலை 8 சென்டிமீட்டர் என்று அளந்து தொலைபேசியில் சொன்னான். 1 மீட்டருக்கு 8 சென்டிமீட்டர் என்றால் கோணம் 4.6 டிகிரி. சென்னையில் சூரியன் நேர் உச்சியில் இருக்கும் நாளில் அங்கே விழும் இந்தக் கோணம்தான் இரண்டு ஊர்களுக்கும் நடுவே பூமி வளைந்திருக்கும் அளவு; முழு வட்டத்தின் 360 டிகிரியில் அது எத்தனை பங்கோ, ஊர்களுக்கு இடையிலான தொலைவும் பூமியின் சுற்றளவில் அத்தனை பங்கு. சென்னைக்கும் நாகர்கோவிலுக்கும் உள்ள தொலைவைக் கொண்டு பூமியின் சுற்றளவைக் கணக்கிட வேண்டியதுதான் பாக்கி. ரயில் டிக்கெட்டிலிருந்த 700-க்கு மேற்பட்ட கிலோமீட்டரைப் போட்டதும் பூமி 55,000 கிலோமீட்டருக்கு மேல் வீங்கிவிட்டது. ரயில் வளைந்து வளைந்து போகிறது, நமக்கு வேண்டியது நேர் வடக்கு தெற்குத் தொலைவு என்று புரிய ஒரு மாலை ஆயிற்று. நிலப்படத்தில் அளந்த 540-ஐப் போட்டபோது 42,000-க்குச் சற்று மேல் வந்தது. துருவங்கள் வழியாக அளந்தால் உண்மையான சுற்றளவு ஏறக்குறைய 40,000. “தப்பு நீங்க அளந்ததுலதான்” என்று நாகர்கோவில்காரனிடம் மகள் சண்டைக்குப் போனாள். சூரியன் ஒரு புள்ளியாக இல்லாமல் அரை டிகிரி அகலமுள்ள வட்டமாகத் தெரிவதால், 1 மீட்டர் குச்சியின் நிழல் நுனி 9 மில்லிமீட்டர் அளவுக்கு மங்கியே விழும். அதில் அரை சென்டிமீட்டர் முன்பின் ஆவதற்கு அவனைக் குறை சொல்ல முடியாது.

எங்கள் மாடியிலிருந்து பரங்கிமலை தெரியும். 1802-இல் அந்த மலையை ஒட்டித்தான் பிரிட்டிஷ் நில அளவையாளர் வில்லியம் லாம்டன், மற்ற அளவுகளுக்கெல்லாம் அடிப்படையாக ஏறக்குறைய 12 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு கோட்டை எஃகுச் சங்கிலியால் அளந்து, பின்னாளில் இமயம்வரை நீண்ட மாபெரும் முக்கோண அளவீட்டைத் தொடங்கினார். வெப்பத்தில் சங்கிலி நீளும் என்பதால் அளக்கும்போதெல்லாம் வெப்பநிலையையும் குறித்துக்கொண்டார்கள். இதைக் கேட்ட மகளுக்குத் தன் 42,000-ஐவிட அந்தச் சங்கிலிதான் மனதில் நின்றது; வீட்டு இரும்பு ஸ்கேலும் வெயிலில் நீளுமா என்று இரண்டு நாள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

இப்போது ஆகஸ்ட் 18-க்குக் காத்திருக்கிறோம். கீழ்வீட்டில் டைல்ஸ் வேலை செய்யும் மேஸ்திரியிடம், தரை சாய்வில்லாமல் இருக்கிறதா என்று பார்க்கும் ரசமட்டம் இரவல் கேட்டாயிற்று. குச்சியின் நுனியில் துளையிட்ட அட்டையை ஒட்டினால் நிழலுக்குப் பதில் கூர்மையான ஒளிப்புள்ளி கிடைக்குமா என்று நாகர்கோவிலில் சோதனை நடந்துகொண்டிருக்கிறது. ஆடி கழிந்த சமயத்தில் மேகம் மூடிவிட்டால் 17-ஆம் தேதியும் 19-ஆம் தேதியும் கைவசம் உண்டு. மாமாவுக்கு அந்த மூன்று நாளும் மாடியில் பேசாமல் உட்கார்ந்திருக்க அனுமதி கொடுத்திருக்கிறோம்.