முள்ளும் வெயிலும் தாண்டி வேலைக்குச் சைக்கிள்

காரைக்குடியைச் சுற்றி வேலைக்குப் போய்வருகிறவர்கள் தங்கள் தூரத்தை ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள். கோட்டையூரிலிருந்து ஏறக்குறைய ஆறு கிலோமீட்டர். பள்ளத்தூர், குன்றக்குடி எல்லாம் பத்துக்கு முன்பின். பெரிய மேடு எதுவும் கிடையாது. மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் நிதானமாக மிதித்தாலே ஆறு கிலோமீட்டருக்கு 24 நிமிடம், பத்துக்கு 40 நிமிடம். பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்தால் வித்தியாசம் சொற்பம்தான். ஆனாலும் ஆசையோடு ஆரம்பித்தவர்களில் பலர் இரண்டு வாரத்தில் விட்டுவிடுகிறார்கள். காரணத்தைக் கேட்டால் தூரம் என்பார்கள். விசாரித்தால் சீட் தாழ்வாக இருந்து முழங்கால் வலித்திருக்கும், முள் ஏறி ஒருநாள் லேட் ஆகியிருக்கும், அல்லது வெயில் ஏறியபிறகு கிளம்பியிருப்பார்கள். மூன்றையும் முன்கூட்டியே சரிசெய்துவிடலாம்.

புது சைக்கிள் வாங்க ஓட வேண்டாம். நம் பக்கத்தில் பல வீடுகளில் பிள்ளைகள் பிளஸ் ஒன் படிக்கும்போது அரசு கொடுத்த சைக்கிளோ, அப்பா காலத்து ஹெர்குலிஸோ சுவரில் சாய்ந்து தூசி படிந்து நிற்கிறது. (அந்த ஹெர்குலிஸைத் தயாரித்த டி.ஐ. சைக்கிள்ஸை 1949-ல் தொடங்கிய முருகப்பா குடும்பத்துக்குப் பூர்வீகம் நம் பள்ளத்தூர்தான்.) ஃப்ரேம் உடையாமல், ஒட்டுப்போட்ட இடத்தில் விரிசல் இல்லாமல் இருந்தால் போதும், மற்ற எல்லாவற்றையும் மாற்றிக்கொள்ளலாம். மொத்தச் செலவு புது சைக்கிளில் பாதி விலைகூட ஆகாது.

கடையில் விடும்போது "ஓவராயில் பண்ணிருங்கண்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தால் பழைய பேரிங் குண்டுகளிலேயே கிரீஸ் அப்பிக் கொடுத்துவிட வாய்ப்பு உண்டு. பெடல் அச்சிலும் பின் சக்கரத்திலும் கால் இஞ்ச் குண்டு, முன் சக்கரத்தில் 3/16 இஞ்ச். எல்லாவற்றையும் செட்டாக மாற்றச் சொல்லுங்கள். தேய்ந்த பழைய குண்டுகளோடு இரண்டு புதுக் குண்டைக் கலந்து போட்டால், பெரியதாக இருக்கும் அந்த இரண்டே எடையைத் தாங்கி, குண்டு உருளும் கப்பையும் கெடுத்துவிடும். டயரை இரண்டு விரலால் நசுக்கிப் பாருங்கள். பக்கவாட்டில் வெடிப்பு தெரிந்தால், மேலே பட்டன் எவ்வளவு இருந்தாலும் அது போன டயர்தான். புது டயரும் டியூபும் வாங்கும்போது பழைய டயரின் பக்கவாட்டில் அச்சடித்திருக்கும் அளவை அப்படியே எழுதிக்கொண்டு போங்கள். 28 × 1½ என்பதும் 28 × 1⅝ என்பதும் பார்வைக்கு ஒன்றுபோலத் தெரிந்தாலும் ரிம் வேறு.

அடுத்தது காட்டர் பின். பெடல் தண்டை அச்சோடு பிடித்து வைத்திருக்கும் ஆப்பு போன்ற கம்பி அது. மிதிக்கும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை "டக்" என்று காலில் தட்டினால் அந்தப் பின் தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். நட்டை மட்டும் முறுக்கினால் சரியாகாது. நட்டு பின்னைப் பிடித்து நிறுத்தத்தான் இருக்கிறது, இழுத்து இறுக்க அல்ல. தண்டுக்குக் கீழே இரும்பு முட்டுக் கொடுத்து, பின்னைச் சுத்தியலால் உள்ளே இறக்கிய பிறகே நட்டை முறுக்க வேண்டும். புதுப் பின் போட்டால் முதல் 30 கிலோமீட்டருக்குள் இன்னொரு முறை இதைச் செய்ய வேண்டியிருக்கும். அப்படியே ஓட்டினால் தண்டின் துளை தேய்ந்து, புதுப் பின் எத்தனை போட்டாலும் நிற்காது.

சீட் உயரத்துக்கு வருவோம். இரண்டு காலும் தரையில் பதிய வேண்டும் என்று தாழ்த்தி வைப்பது நம் ஊர்ப் பழக்கம். கடைக்குப் போய்வர அது போதும். பத்து கிலோமீட்டர் மிதித்தால் முழங்கால் முழு நேரமும் மடங்கியே வேலை செய்து, மூட்டுச் சில்லுக்கு முன்னால் வலி எடுக்கும். சுவரைப் பிடித்து சைக்கிளில் ஏறி உட்காருங்கள். பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். பிறகு முன்பாதத்தால் மிதித்தால் முழங்காலில் சின்ன மடிப்பு இருக்கும், அதுதான் சரி. நிற்கும்போது ஒரு காலின் நுனி மட்டும் தரையைத் தொடும். மூன்று நாளில் பழகிவிடும். இதற்கு மாறாக முழங்காலின் பின்பக்கம் வலித்தால் சீட் அதிகமாக ஏறிவிட்டது, அரை இஞ்ச் இறக்குங்கள்.

மிதிக்கக் கனமாக இருந்தால் ஃப்ரீவீலை, அதாவது பின் சக்கரத்தில் செயின் ஓடும் பல்சக்கரத்தை மாற்றலாம். முன்னால் 44 பல், பின்னால் 18 பல் என்றால் 28 இஞ்ச் சக்கரத்தில் ஒரு சுற்றுக்கு ஐந்தரை மீட்டர் அளவு போகும். பின்னால் 20 பல் போட்டால் ஐந்து மீட்டருக்குச் சற்றுக் குறைவு. வேகம் கொஞ்சம் குறையும், ஆனால் ஆடிக்காற்றில் மூச்சு மிச்சமாகும். புதிதாக ஓட்டுகிறவர்களுக்கு 20 பல்தான் என் சிபாரிசு. செயினில் ஒரு கண்ணி கூடுதலாகத் தேவைப்படலாம், கடைக்காரரே பார்த்துச் சேர்த்துவிடுவார்.

இனி முள். சீமைக்கருவேலம் வெட்டி விறகு ஏற்றிப்போகும் வண்டிகள் திருப்பங்களில் குலுங்கும்போது முள் கிளைகள் உதிரும். லாரி சக்கரங்கள் அதை ஓரத்துக்குத் தள்ளிவிடும். அதனால் தார் விளிம்பை ஒட்டி ஓட்டுகிறவருக்குத்தான் அதிகம் பஞ்சர். வெள்ளைக் கோட்டுக்கு ஒன்றரை அடி உள்ளே ஓட்டுங்கள். பின்னால் வருகிறவருக்கும் உங்களைத் தெளிவாகத் தெரியும். கண்மாய்க்கரைக் குறுக்குவழி தூரத்தைக் குறைக்கும் என்றாலும் மழைக்குப் பிறகு நெருஞ்சி படர்ந்திருக்கும், ஒரே தடவையில் நாலைந்து துளை விழும்.

பஞ்சர் ஆனால் பின் சக்கரத்தைக் கழற்ற வேண்டும் என்று பயந்துதான் பலர் தள்ளிக்கொண்டே போகிறார்கள். ஸ்டாண்டு, கேரியர், செயின் கவர் எல்லாம் உள்ள சைக்கிளில் சக்கரத்தைக் கழற்றுவது உண்மையிலேயே தொல்லைதான். அவசியமும் இல்லை. சக்கரம் வண்டியிலேயே இருக்கட்டும். டயரை ஒரு பக்கம் மட்டும் நெம்பி எடுத்து, டியூபைக் கொஞ்சம் வெளியே இழுத்துக் காற்றடித்து, உதட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் காற்று வரும் இடம் தெரியும். துளையைச் சுற்றி, ஒட்டப்போகும் ரப்பர்த் துண்டைவிடச் சற்றுப் பெரிய வட்டத்துக்கு உப்புத்தாளால் தேய்த்து மினுமினுப்பை எடுங்கள். சொல்யூஷனை மெல்லிசாகத் தடவி ஐந்து நிமிடம் சும்மா இருங்கள். ஈரம் போய் விரலில் ஒட்டாத பதம் வந்த பிறகே ஒட்டை வைத்து அழுத்த வேண்டும். ஈரத்தோடு ஒட்டினால் அடியில் நீராவி போல மாட்டிக்கொண்டு, வெயில் பட்டதும் ஓரம் தூக்கிவிடும். ஒட்டு பெயர்வதற்குப் பெரும்பாலும் இந்த அவசரம்தான் காரணம்.

ஒட்டியதோடு வேலை முடியவில்லை. கருவேல முள் நீளமானது. டியூபின் ஒரு பக்கம் ஏறி மறுபக்கமும் குத்தியிருக்கும். அதனால் முதல் துளைக்கு நேரெதிரே கட்டாயம் பாருங்கள். பிறகு டயரின் உட்பக்கம் முழுக்க ஒரு பஞ்சையோ பழைய பனியன் துணியையோ மெல்லத் தேய்த்துக்கொண்டே வாருங்கள். எங்காவது நூல் இழுபட்டால் அங்கே முறிந்த முள்நுனி நிற்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் ஒரு கரும்புள்ளி மாதிரி இருக்கும். உள்ளிருந்து ஒரு ஆணியால் தள்ளி வெளிப்பக்கம் குறடால் பிடுங்க வேண்டும். அதை விட்டுவிட்டால் மறுநாள் அதே இடத்தில் மறுபடி பஞ்சர், பழி ஒட்டின்மேல் விழும்.

துளை எந்தப் பக்கம் இருக்கிறது என்பதே காரணத்தைச் சொல்லிவிடும். தரைப் பக்கம் என்றால் முள்ளோ கண்ணாடியோ. ரிம் பக்கம் என்றால் ரிம் டேப் கிழிந்து போக்ஸ் கம்பியின் தலை குத்தியிருக்கிறது. அக்கம்பக்கமாக இரண்டு கீறல் என்றால் காற்றுக் குறைவாகப் பள்ளத்தில் இறங்கி டியூப் ரிம்மில் நசுங்கியிருக்கிறது. துளையே இல்லாமல் தினமும் காற்று இறங்கினால் வால்வில் எச்சிலைத் தொட்டு வையுங்கள். குமிழி வந்தால் உள்ளே இருக்கும் சின்ன ரப்பர்க் குழாய் வெயிலில் இறுகிப்போயிருக்கிறது. சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் பொருள், இரண்டு வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். சொல்யூஷன் டியூப் ஒருமுறை திறந்தால் நம் வெயிலுக்குச் சீக்கிரம் காய்ந்துவிடும், மாதம் ஒருமுறை அமுக்கிப் பாருங்கள்.

முள் அதிகமான வழி என்றால் பழைய டியூப் ஒன்றை நீளவாக்கில் வெட்டி, டயருக்கும் டியூபுக்கும் நடுவே பட்டையாகக் கொடுங்கள். இரு முனையும் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல், ஓரம் கத்தரித்து மழுங்கலாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த மடிப்பே டியூபை உராய்ந்து ஓட்டை போடும். சக்கரம் கொஞ்சம் கனமாகும், பரவாயில்லை. டியூபுக்குள் ஊற்றும் அடைப்புத் திரவம் மோட்டார் பைக் வால்வு உள்ள டியூபுக்குத்தான் ஏற்றது. பழைய வால்வில் ரப்பர்க் குழாயையே அடைத்துவிடும்.

செயினுக்குத் தேங்காயெண்ணெயும் வண்டியிலிருந்து இறக்கிய கழிவு ஆயிலும் வேண்டாம். செம்மண் தூசியோடு சேர்ந்தால் அது உப்புத்தாள் போலப் பல்லைத் தின்னும். டீசல் நனைத்த துணியால் துடைத்து, காய்ந்ததும் ஒவ்வொரு உருளைக்கும் ஒரு சொட்டு மெல்லிய ஆயில், பிறகு வெளியே தெரியும் ஆயில் முழுவதையும் துடைத்துவிட வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போதும். இஞ்ச் ஸ்கேலை வைத்து 24 கண்ணி அளந்தால் சரியாக 12 இஞ்ச் இருக்க வேண்டும். 1/16 இஞ்ச் கூடினால் செயினை மாற்றுங்கள். 1/8 கூடும்வரை விட்டால் ஃப்ரீவீலும் சேர்ந்து போகும்.

வெயிலைத் திசையை வைத்துக் கணக்குப் போடுங்கள். காரைக்குடியில் வீடு, குன்றக்குடியில் வேலை என்றால் காலையில் மேற்கே, மாலையில் கிழக்கே. இரண்டு நேரமும் சூரியன் முதுகுக்குப் பின்னால். குன்றக்குடியிலிருந்து காரைக்குடிக்கு வருகிறவருக்கு இரண்டு நேரமும் முகத்தில். இதில் கண் கூசுவதைவிடப் பெரிய ஆபத்து, பின்னால் வரும் வண்டிக்காரரின் கண்ணும் கூசும், முன்னால் போகும் சைக்கிள் அவருக்குத் தெரியாது. அப்படி வருகிறவர்கள் மர நிழல் உள்ள வழியைப் பிடியுங்கள். வெளிர் நிறச் சட்டை அவசியம். கானாடுகாத்தான், பள்ளத்தூர்ப் பக்கமிருந்து தெற்கே வருகிறவருக்குக் காலையிலும் மாலையிலும் இடது கையில்தான் வெயில். தேவகோட்டைப் பக்கமிருந்து வருகிறவருக்கு வலது கையில். முழுக்கைச் சட்டை போட்டால் தீர்ந்தது.

பையை முதுகில் மாட்டினால் சட்டை தொப்பலாகிவிடும், கேரியரில் கட்டுங்கள். சைக்கிள் கடையில் கிடைக்கும் டியூப் ரப்பர் இதற்கு நல்லது. தொங்கும் முனையை உள்ளே செருகாவிட்டால் கம்பியில் சுற்றிச் சக்கரத்தைப் பிடித்துவிடும். சாப்பாட்டுத் தூக்கை ஹேண்டில்பாரில் மாட்டவே கூடாது. திருப்பத்தில் ஆடி முன் சக்கரத்துக்குள் போனால் ஆள் தலைகுப்புற விழுவார். திங்கட்கிழமையே மாற்றுச் சட்டை இரண்டை ஆபீசில் கொண்டுபோய் வைத்துவிடுங்கள். போனதும் பத்து நிமிடம் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து வியர்வை அடங்கிய பிறகே துடைத்து மாற்றுங்கள். உடனே மாற்றினால் அந்தச் சட்டையும் நனையும்.

சேலையில் ஓட்டுகிறவர்கள் முழு செயின் கவரும் பின் சக்கரத்துக்கு வலையும் போடாமல் ஒருநாளும் எடுக்க வேண்டாம். துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொள்ளுங்கள். பக்கத்துப் புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தோடு ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்று வேலைக்கும் தண்ணீருக்கும் போனார்கள். வெட்கப்பட இதில் ஒன்றுமே இல்லை.

ஐப்பசி, கார்த்திகை மழையில் பிரேக் பிடிக்காது. இரும்பு ரிம் நனைந்தால் ரப்பர் வழுக்கும். நிற்க வேண்டிய இடத்துக்கு வெகு முன்பே லேசாகப் பிடித்து, ரிம்மில் உள்ள தண்ணீரை வழித்துவிட்டுப் பிறகு அழுத்துங்கள். பிரேக் கட்டை தேய்ந்து இரும்பு உரசும்வரை விடாதீர்கள். ஆறு மணிக்கே இருட்டிவிடுகிற மாதங்கள் இவை; பின்னால் சிவப்பு விளக்கும், மட்கார்டின் கடைசி ஒரு சாணுக்கு வெள்ளைப் பெயின்டும் அடித்துவிடுங்கள்.

தை, மாசியில் அறுப்பு முடிந்து ரோட்டில் வைக்கோல் கிடக்கும். அதன்மேல் ஓட்டினால் ஃப்ரீவீலுக்கும் கம்பிக்கும் நடுவே சுற்றிக்கொள்ளும், பிறகு சக்கரம் இறுகும். இறங்கித் தள்ளிக்கொண்டு தாண்டுங்கள். அதே தையில் பூசத்துக்கு முந்தைய நாட்களில் குன்றக்குடி வழியாகப் பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் விடியலிலேயே ரோட்டோரம் நடந்துகொண்டிருப்பார்கள். பக்கத்தில் போய் மணி அடித்தால் திடுக்கிட்டு நடுரோட்டுக்கு ஒதுங்குவார்கள். முப்பது அடிக்கு முன்பே ஒருமுறை அடித்துவிட்டு, வேகத்தைக் குறைத்து வலப்பக்கமாகத் தாண்டுங்கள். அந்த ஒரு வாரத்துக்கு மட்டும் வீட்டிலிருந்து பத்து நிமிடம் முன்னதாகக் கிளம்புங்கள்.