வட்டமாக முடி கொட்டினால் எல்லாம் புழுவெட்டு இல்லை

பிள்ளைகள் தலையில் வட்டமாக முடி கொட்டினால் உடனே சின்ன வெங்காயத்தைத் தேய்க்கிறோம். பூஞ்சைத் தொற்றாகவும் இருக்கலாம்!

அக்கா மகளுக்கு டிரைக்கோஸ்கோப்பி பார்த்தபோது கூடவே இருந்தேன். ஊசி இல்லை, வலி இல்லை. 10 மடங்கு பெரிதாக்கும், விளக்கு பொருத்திய கருவியைத் தலையில் வைத்துப் பார்க்கிறார்கள், அவ்வளவுதான். முடிகள் கமா போல வளைந்தும் சில திருகாணி போலச் சுருண்டும் தெரிந்தன. பூஞ்சைதான், செதிலைச் சுரண்டிப் பரிசோதித்ததிலும் அதுவே உறுதியானது. புழுவெட்டு என்றால் ஆச்சரியக்குறி மாதிரி, வேர்ப்பக்கம் மெலிந்த குட்டை முடிகள் தெரியுமாம்.

இரண்டுக்கும் வைத்தியமே வேறு. இந்தப் பூஞ்சைக்கு உள்ளுக்கு மருந்து வேண்டும், களிம்பு மட்டும் போதாது. ஸ்டீராய்டு களிம்பைத் தடவினால் தொற்று இன்னும் பரவலாம். தயவுசெய்து கடையில் கேட்டு வாங்கிப் பூசாதீர்கள். அப்புறம், ஒரே சீப்பில் தலைவாரும் மற்ற பிள்ளைகளையும் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.