தரைக்கு உப்புத்தாள் போட்ட கதை

அறையிலிருந்த பழைய கம்பளத்தைச் சுருட்டி எடுத்தால் கீழே ஓக் பலகை. வார்னிஷ் கறுத்துப் போயிருந்தது, நாற்காலி உரசிய இடமெல்லாம் வெளுத்த தடம். தேய்த்துப் புதுப் பூச்சு கொடுத்தால் முடிந்தது, இரண்டு நாள் வேலை என்று தம்பியிடம் சொன்னேன். இன்று ஒன்பதாம் நாள். இன்னும் ஒரு பூச்சு பாக்கி.

தேய்க்கும் மெஷினைத் தொடுவதற்கு முன்னால் செய்த உருப்படியான காரியம் ஒன்று உண்டு. நிலைப்படி ஓரத்து மரப்பட்டியைக் கழற்றிப் பலகையின் கனத்தைப் பார்த்தேன். மேலே மட்டும் மெல்லிய மர ஏடு ஒட்டிய பலகை என்றால் பெரிய மெஷினை அதன் மேல் வைக்கவே கூடாது. அடியிலிருக்கும் பிளைவுட் எட்டிப் பார்த்துவிடும். இது முழு மரம், 19 மில்லிமீட்டர். ஆனால் அவ்வளவும் நமக்கில்லை. பலகைகள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் நாக்குக்கு மேலே இருக்கிற 6 மில்லிமீட்டர் சொச்சம்தான் தேய்க்கக் கிடைப்பது.

அப்புறம் ஆணி. தலை தூக்கியிருந்ததையெல்லாம் பஞ்ச் வைத்துத் தட்டி 3 மில்லிமீட்டர் உள்ளே இறக்கினேன். ஒன்றே ஒன்றைத் தவறவிட்டேன். பிறகு தேய்க்கும்போது மெஷினின் டிரம்மில், அதாவது உருளையில், சுற்றியிருந்த உப்புத்தாள் டப்பென்று கிழிந்த சத்தத்தில் தம்பி வாசலுக்கே போய்விட்டான்.

வாடகைக்கு எடுத்த டிரம் சாண்டரில் (அதுதான் அந்தப் பெரிய மெஷின்) முதலில் 40 நம்பர் தாள். நம்பர் குறையக் குறையத் தாள் முரடு. மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே நடக்க வேண்டும். அதைவிட முக்கியம், டிரம் தரையைத் தொட்டிருக்கும்வரை கால் நிற்கக் கூடாது. திரும்பும் இடத்தில் டிரம்மைத் தூக்கிவிட்டுத்தான் நிற்கலாம். தெரியும், படித்திருந்தேன். நாலாவது நடையில் வயர் காலில் சிக்க, நின்றுவிட்டேன். ஒரு விநாடிதான். “அண்ணா, தூக்கு!” என்று தம்பி கத்துவதற்குள் ஜன்னலுக்குக் கீழே ஒரு சாண் அகலத்தில் பிறை மாதிரி ஒரு பள்ளம். கண்ணுக்குச் சரியாகத் தெரியவில்லை. விரலால் தடவினால் வழுக்கி உள்ளே இறங்கியது.

இதற்கு மரத்தூளும் பசையும் குழைத்து அடைக்கிற வைத்தியம் கிடையாது. ஆணித்துளைக்கு அது சரி, இவ்வளவு அகலத்துக்கு நிற்காது. சுற்றியுள்ள பலகையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்த்திப் பள்ளத்தோடு சமமாக்குவதுதான் வழி. அரை நாள் போனது.

சரி, அது விபத்து. அடுத்தது என் சோம்பேறித்தனம். 60 நம்பர் தாளின் வேலை 40 போட்ட கீறலை அழிப்பது. 80-இன் வேலை 60-இன் கீறலை அழிப்பது. ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னால் தரையில் பென்சிலால் கோணல்மாணலாகக் கிறுக்கிவிட்டு, கிறுக்கல் முழுக்க மறையும்வரை தேய்த்தேன். அறையின் நடுவில் இதெல்லாம் ஒழுங்காக நடந்தது. சுவரோரத்துக்கு வேறு மெஷின், வட்டமாகச் சுற்றுவது. அதற்கான 60 நம்பர் வட்டு தீர்ந்துவிட்டது. கடைக்குப் போக அலுத்துக்கொண்டு 40-இலிருந்து நேராக 80-க்குத் தாவினேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

தேய்த்த தூளைப் பற்றி ஒரு வார்த்தை. மெஷின் பையில் சேர்வது வெறும் மரத்தூள் இல்லை, பழைய வார்னிஷும் கலந்தது. மூட்டை கட்டி வைத்தால் தானாகவே சூடேறி, சில மணி நேரம் கழித்துக்கூடத் தீப்பிடிக்கலாம். பை பாதி நிறைந்ததுமே வெளியே கொண்டுபோய் மூடியுள்ள தகர டின்னில் கொட்டினோம்.

பூச்சுக்குத் தண்ணீர் வகை பாலியூரித்தேன் வார்னிஷ். எண்ணெய் வகை தேன் நிறம் கொடுக்கும், அழகுதான். ஆனால் நாள் போகப் போக மஞ்சள் கூடும், வாடையும் தாங்காது. இது டப்பாவில் பால் மாதிரி வெள்ளையாக இருந்து, காயும்போது தெளிகிறது. டப்பாவைக் குலுக்கக் கூடாது, குமிழி வரும். குச்சியால் மெதுவாகக் கலக்கினால் போதும்.

முதல் பூச்சு ஈரமாக இருக்கும்போதே சுவரோரம் முழுக்கச் சுருள் சுருளாகக் கோடுகள் எழுந்து நின்றன, கோலப்பொடியால் சுழித்து விட்ட மாதிரி. காய்ந்த மரத்தில் ஒளிந்திருந்த 40 நம்பர் கீறல்கள்! டார்ச் விளக்கைத் தரையோடு தரையாகப் படுக்கவைத்துப் பார்த்திருந்தால் முன்பே தெரிந்திருக்கும். நாங்கள் மேலே எரியும் விளக்கை நம்பினோம்.

ஓரம் நான்கையும் மறுபடி 60, 80, 100 என்று வரிசையாகத் தேய்த்து, மூலைகளைச் சுரண்டி எடுத்து, அங்கே மட்டும் முதல் பூச்சைத் திரும்பக் கொடுத்தேன். தண்ணீர்ப் பூச்சு பட்டதும் மர நார் சிலிர்த்துத் தரை பூனை நாக்கு மாதிரி சொரசொரப்பாகிவிடும். 220 நம்பர் தாளால் லேசாகத் தடவி, தூளை ஈரத்துணியால் ஒற்றி எடுத்தேன். ஸ்டீல் உல் (மெல்லிய இரும்பு நார்) கைவசம் இருந்தும் தொடவில்லை. அதன் துணுக்கு ஒன்று பூச்சில் சிக்கினாலும், ஓக்கில் இருக்கும் டானின் என்ற துவர்ப்புப் பொருளும் ஈரமும் சேர்ந்து கரும்புள்ளி விழும். பழைய ஆணிகளைச் சுற்றி இருந்த கறுப்பும் அதேதான்.

இரண்டாவது பூச்சு நேற்று. இன்று மாலை தரை தொட்டால் வழவழவென்று இருக்கிறது. வெயில் சாய்ந்து ஜன்னல் வழியாக வரும்போது மட்டும் அந்தப் பிறை லேசாகத் தெரிகிறது. தம்பி முதலில் அங்கேதான் போய் நின்றான். நாளை மூன்றாவது பூச்சு. அதற்குப் பிறகு ஒரு வாரம் கம்பளம் விரிக்கக் கூடாது, காற்றுப் பட்டுத் தரை இறுக வேண்டும்.