கிருமி தென்படாத ஸ்லைடு

தொழுநோய்ப் பிரிவின் ஆய்வகத்தில் எனக்குப் பெரும்பாலும் காது மடல்களோடுதான் வேலை. மடலை இறுக்கிப் பிடித்து, ரத்தம் வராமல் லேசாகக் கீறி, வழித்தெடுத்ததை ஸ்லைடில் தடவிச் சாயமேற்றிப் பார்ப்போம். சிலருடைய ஸ்லைடில் தொழுநோய்க் கிருமிகள் சிவப்புக் குச்சிகளாய்க் கொத்துக் கொத்தாகக் கிடக்கும். சிலருடையதில் எவ்வளவு தேடினாலும் ஒன்றுகூட அகப்படாது. ஆனால் விரல் மடங்கி வந்து நிற்பவர் பல நேரம் இந்த இரண்டாம் ஆள்தான்.

இந்தக் கிருமி ரொம்ப மந்தம். ஒன்று இரண்டாகவே ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். நரம்பிழையைச் சுற்றி உறைபோல் இருக்கும் ஷ்வான் செல்லுக்குள் குடியேறிவிடும். டி செல்கள் என்ற எதிர்ப்பு அணுக்கள் அதை அடையாளம் கண்டுகொண்ட உடம்பில் இன்டர்ஃபெரான் காமா என்ற தூண்டும் புரதம் சுரக்கும்; கிருமியை விழுங்கும் மேக்ரோபேஜ் செல்கள் திரண்டு கிரானுலோமா என்ற முடிச்சைக் கட்டிக் கிருமியை ஒழிக்கும். சண்டை நடப்பதோ நரம்புக்குள். கிருமியோடு நரம்பும் போகும். ஸ்லைடில் கிருமி அகப்படாத இது டியூபர்குலாய்டு வகை.

ஸ்லைடில் கிருமி கொத்தாகத் தெரியும் லெப்ரோமேட்டஸ் வகையில் ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் புரதத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் கிருமி செல்லுக்குள் இருப்பதால் அதனால் பயனில்லை. மேக்ரோபேஜ் விழுங்கும், கொல்லாது. இத்தனைக்கும் இவர்கள் உடம்பு மற்றத் தொற்றுகளைப் பெரும்பாலும் நன்றாகவே எதிர்க்கும். இந்த ஒரு கிருமியிடம் மட்டும்தான் கை கட்டி நிற்கிறது. ஏன் என்பது எனக்கு இன்னும் தீராத வியப்பு.

1966-இல் தொழுநோயை வகைப்படுத்திய ரிட்லியும் ஜாப்லிங்கும் இந்த இரு முனைகளுக்கு நடுவே மூன்று படிகள் வைத்தார்கள். அந்த நடுப்படிக்காரர்களிடம்தான் எனக்குக் கவலை அதிகம். அவர்களுடைய எதிர்ப்பு சக்தி ஒரு நிலையில் நிற்காது. சிகிச்சை நடக்கும்போதே திடீரென விழித்துக்கொள்ளும். தேமல் சிவந்து தடிக்கும், நரம்பு வீங்கும். “மாத்திரை சாப்பிட்ட அப்புறம்தானே சார் இப்படி ஆச்சு?” என்று கேட்டு மாத்திரையையே நிறுத்திவிடுவார்கள். நிறுத்தவே கூடாது, தொழுநோய்க்கான கூட்டு மருந்தோடு வீக்கத்தை அடக்கும் ஸ்டீராய்டும் சேர வேண்டும். லெப்ரோமேட்டஸ் பக்கம் உள்ளவர்களுக்கு வேறு மாதிரி: காய்ச்சல், தொட்டால் வலிக்கும் முடிச்சுகள். செத்த கிருமியின் துணுக்குகளும் ஆன்டிபாடியும் சேர்ந்து செய்யும் வேலை அது. மருந்து முடிந்த பிறகும் வரும்.

பயந்து ஓடிவிடுவார்கள் என்று பலர் இதை முதல் நாளே சொல்வதில்லை. சொல்லாததால் ஓடியவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். அதனால் காது மடலில் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டிருக்கும்போதே சொல்லிவிடுகிறேன்: முழங்கைப் பக்கம் வலித்தாலும், சுண்டுவிரல் மரத்தாலும் உடனே வாருங்கள். செயலிழந்து ஆறு மாதம் தாண்டிவிட்டால் ஸ்டீராய்டு கொடுத்தும் நரம்பு மீள்வது அரிது.