கடைசிப் பத்தியை முதலில் படியுங்கள்

ஐரோப்பிய ஒன்றியத்தின் ராணுவ முடிவுகளைப் படித்துக் குறிப்பெழுதும் வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் தலைப்பையும் நோக்கத்தையும் படித்துவிட்டு எழுதத் தொடங்கிவிடுவார்கள். முதலில் பார்க்க வேண்டியது முகவுரையின் கடைசிப் பத்தி. 2022 நடுப்பகுதி வரை வெளிவந்த ராணுவ முடிவுகளில் அங்கே ஒரே வாசகத்தைத் திரும்பத் திரும்பக் காணலாம்: ஒன்றிய ஒப்பந்தங்களோடு இணைந்த, டென்மார்க்கின் நிலை பற்றிய நெறிமுறை 22இன் 5ஆம் பிரிவுப்படி டென்மார்க் இந்த முடிவை வகுப்பதிலோ நிறைவேற்றுவதிலோ பங்கேற்காது, செலவையும் ஏற்காது. அட்லாண்டிக் கூட்டணியான நேட்டோவா, ஐரோப்பிய ஒத்துழைப்பா என்ற பெரிய கேள்வி, அன்றாட வேலையில் இந்தச் சிறிய பத்தியாகத்தான் வந்து நிற்கும்.

1992 ஜூன் 2 அன்று டேனிஷ் வாக்காளர்களில் 50.7 சதவீதம் பேர், ஐரோப்பிய ஒன்றியத்தை உருவாக்கும் மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தத்தை நிராகரித்தார்கள். டிசம்பரில் எடின்பரோவில், டென்மார்க் சேராமல் ஒதுங்கியிருக்கலாம் என்று நான்கு துறைகளில் விலக்குகள் பேசி முடிக்கப்பட்டன: பொது நாணயம், பாதுகாப்பு, நீதி–உள்துறை, குடியுரிமை. 1993 மே 18இல் 56.7 சதவீதம் பேர் ஆம் என்றார்கள். இதை வைத்து டென்மார்க் போரை வெறுத்து ஒதுங்கிய நாடு என்று எழுதினால் அது பெரும் பிழை. 1949இல் நேட்டோவை நிறுவிய நாடுகளில் அதுவும் ஒன்று. 2003 மார்ச் 21இல் அதன் நாடாளுமன்றம் 61க்கு 50 என்ற கணக்கில் இராக் போரில் சேர ஒப்புதல் தந்தது. ஆப்கானிஸ்தானில், பெரும்பாலும் ஹெல்மந்தில், 40க்கும் மேற்பட்ட வீரர்களை இழந்தது. அமெரிக்காவோடு போருக்குப் போவதை அந்த விலக்கு தடுக்கவே இல்லை. தடைப்பட்டதெல்லாம் ஒன்றியத்தின் கொடியின்கீழ் போவதுதான்.

ஒரு முடிவு விலக்குக்குள் வருமா என்று பார்க்க, அதன் சட்ட அடிப்படையைப் பார்க்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றிய ஒப்பந்தத்தின் 42ஆம் பிரிவோ 43 முதல் 46 வரையான பிரிவுகளோ இருந்து, உள்ளடக்கத்திலும் 'பாதுகாப்பு விளைவு' இருந்தால் டென்மார்க் வெளியே. இந்த இரண்டாவது நிபந்தனையில்தான் ஆட்கள் தடுமாறுவார்கள். காவல்துறைப் பணி, நீதித்துறைப் பணி, கண்காணிப்புப் பணி போன்ற குடிமைப் பணிகளும் அதே 43ஆம் பிரிவில்தான் வரும். அவற்றில் டென்மார்க் முழு உறுப்பினர். பிரிவு எண்ணை மட்டும் பார்த்துக் குறிப்பெழுதினால் தவறிவிடும்.

பொஸ்னியா இதற்குத் தெளிவான பாடம். அங்கே நேட்டோ படையில் டேனிஷ் வீரர்கள் இருந்தார்கள். 2004 டிசம்பர் 2இல் பொறுப்பு ஒன்றியத்தின் அல்தியா நடவடிக்கைக்குக் கைமாறியது. ஒன்றியம் நேட்டோவின் வசதிகளைப் பயன்படுத்த வழிசெய்யும் 'பெர்லின் பிளஸ்' ஏற்பாட்டின்படி அதற்குத் தளபதி நேட்டோவின் ஐரோப்பியத் துணைத் தலைமைத் தளபதியே. தலைமையகமும் நேட்டோவுடையதே. ஆனாலும் தோளில் தைக்கும் கொடி மாறியதால் டேனிஷ் வீரர்கள் விலக வேண்டியிருந்தது. மாசிடோனியாவில் 2003லேயே இது நடந்துவிட்டது. சோமாலியக் கடற்கொள்ளை விஷயத்தில் இழப்பு இன்னும் உறுத்தும். உலகின் மிகப்பெரிய கப்பல் நிறுவனங்களில் ஒன்றைக் கொண்ட நாடு, ஒன்றியத்தின் அடலான்டா நடவடிக்கையில் சேர முடியாமல், நேட்டோ வழியாகவும் அமெரிக்கத் தலைமையிலான கூட்டுப்படை வழியாகவும்தான் தன் போர்க்கப்பல்களை அனுப்ப முடிந்தது.

கப்பலை அனுப்ப வேறு வழி எப்படியும் கிடைத்துவிடும். அறையில் இல்லாமல் போனதை எதனாலும் ஈடுகட்ட முடியாது. 2002 இரண்டாம் பாதியில், ஆறு மாதத்துக்கு ஒருமுறை கைமாறும் ஒன்றியத்தின் தலைமைப் பொறுப்பு டென்மார்க்கிடம் இருந்தபோது, பாதுகாப்புக் கூட்டங்களை மட்டும் கிரேக்கம் நடத்தியது. பெர்லின் பிளஸுக்கு வழிவிட்ட நேட்டோ–ஒன்றியக் கூட்டறிவிப்பு வந்ததும் அந்த ஆண்டு டிசம்பரில்தான். நேட்டோவை இவ்வளவு நம்பிய நாடு, நேட்டோவும் ஒன்றியமும் சேர்ந்து இயங்கும் விதம் வகுக்கப்பட்ட நேரத்தில் மேசையின் தலைமாட்டில் இல்லை. விலக்கின் உண்மையான விலை இதுவென்றே எனக்குப் படுகிறது.

கொள்கை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தாலும் கையைக் கட்டும் வேலையை உள்நாட்டு விதிகளும் செய்யும். அமைச்சர் பிரஸ்ஸல்ஸ் போகுமுன் நாடாளுமன்றத்தின் ஐரோப்பிய விவகாரக் குழுவிடம் தன் பேச்சுவார்த்தை நிலையைச் சொல்ல வேண்டும். குழுவில் பெரும்பான்மை எதிர்க்காவிட்டால் அதுவே அனுமதி. படை அனுப்ப அரசியல் சட்டத்தின் 19ஆம் பிரிவு நாடாளுமன்ற ஒப்புதல் கேட்கிறது. நேட்டோ விஷயத்திலும் நாடாளுமன்றத்தின் பிடி அரசுக்கு எதிராகத் திரும்பியிருக்கிறது: 1982 முதல் 1988 வரை எதிர்க்கட்சிப் பெரும்பான்மையின் கட்டாயத்தால், நேட்டோ அறிக்கைகளில் அணு ஏவுகணைகள் குறித்து டென்மார்க் தன் மறுப்பை அடிக்குறிப்பாகச் சேர்த்துக்கொண்டே இருந்தது.

உக்ரைன் போர் தொடங்கி மூன்று மாதம் கடந்ததும், 2022 ஜூன் 1 அன்று, வாக்கெடுப்பில் 66.9 சதவீதம் பேர் பாதுகாப்பு விலக்கை நீக்க ஆதரவு தந்தார்கள்; ஜூலை 1இல் அது நீங்கியது. அதற்குப் பின் வந்த முடிவுகளில் அந்தக் கடைசிப் பத்தி இல்லை. 2025 இரண்டாம் பாதியில் தலைமைப் பொறுப்பு மீண்டும் வந்தபோது டென்மார்க் பாதுகாப்பிலும் முழு உறுப்பினராக இருந்தது.

இனி எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்க விரும்புகிறவர்கள் கொள்முதல் ஒப்பந்தங்களைப் படிக்க வேண்டும். 2016இல் 27 எஃப்-35 விமானங்கள் என்று முடிவானது. 2025 அக்டோபரில் மேலும் 16. ஒரு போர் விமானத்தை வாங்குவது என்றால் உதிரி பாகத்துக்கும் மென்பொருள் மேம்பாட்டுக்கும் பல பத்தாண்டுகள் அதே வாசலில் நிற்பது என்று பொருள். ஆனால் 2025 செப்டம்பரில் நெடுந்தூர வான் பாதுகாப்புக்கு அமெரிக்காவின் பேட்ரியட்டை விட்டுவிட்டு, பிரான்ஸ்–இத்தாலியின் சாம்ப்-டி தேர்வானது. அதே ஆண்டு ஜூனில் கரூப், ஸ்க்ரிட்ஸ்ட்ருப், ஆல்போர்க் தளங்களை அமெரிக்கப் படைகள் பயன்படுத்த 10 ஆண்டு ஒப்பந்தத்துக்கு நாடாளுமன்றம் ஒப்புதல் தந்திருந்தது. ஒரே ஆண்டில் இரு திசையிலும் கையெழுத்து.

தள ஒப்பந்தம் கிரீன்லாந்துக்குப் பொருந்தாது. அங்கே இன்றும் செல்லுபடியாவது 1951ஆம் ஆண்டின் அமெரிக்க–டேனிஷ் ஒப்பந்தம். அங்குள்ள அமெரிக்க ராணுவத் தளமான பிடுஃபிக் இயங்குவது அதன்கீழ்தான். நேட்டோவின் பாதுகாப்பு எல்லைக்குள் கிரீன்லாந்து இருக்கிறது. ஐரோப்பியச் சமூகத்தை விட்டு அது 1985லேயே வெளியேறிவிட்டது. அந்தத் தீவுக்கு உரிமை கோரும் குரல் நேட்டோவின் மிகப்பெரிய உறுப்பு நாட்டிலிருந்தே எழும்போது, கோபன்ஹேகனில் குறிப்பெழுதுகிறவர்கள் எந்த ஒப்பந்தத்தின் எந்தப் பிரிவை முதலில் புரட்டுவது என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.