தாலக்வாவில் இரண்டு ஊசிகள்

டாலஸிலிருந்து நான்கு மணி நேரத்துக்கும் மேல் வண்டி ஓட்டி ஓக்லஹோமாவின் தாலக்வாவை அடைந்தபோது, தெருப் பெயர்ப் பலகைகள்தான் முதலில் கண்ணில் பட்டன. ஆங்கிலத்தோடு இன்னொரு எழுத்தும் இருந்தது. வேறு எந்த மொழியும் படிக்கத் தெரியாத செக்கோயா என்ற, செரோக்கி எனும் அமெரிக்கப் பழங்குடியைச் சேர்ந்த மனிதர் 1821இல் தன் மொழிக்கென்று முடித்துத் தந்த எழுத்து அது. நம் உயிர்மெய் போல ஒரு குறிக்கு ஓர் அசை. வாகனத்தை ஓரங்கட்டிவிட்டு ஒரு பலகையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நான் போனது பாசிமணித் தையல் வகுப்புக்கு. செரோக்கி மக்களின் தன்னாட்சி அரசான செரோக்கி தேசத்தின் தலைநகர் இது. பழைய தலைமைச் செயலகமாக இருந்த செங்கல் கட்டடம் இப்போது அருங்காட்சியகம். காலையில் அதைப் பார்த்துவிட்டு மதியம் வகுப்பில் உட்கார்ந்தேன்.

மேசையில் ஒரு தோள்பையின் பெரிய புகைப்படம் இருந்தது. சிவப்புக் கம்பளித் துணி, முக்கோண மூடி, விளிம்பில் பட்டு ரிப்பன், மார்புக்குக் குறுக்கே போடும் அகலமான பட்டை. ஐரோப்பிய வணிகர்கள் கொண்டுவந்த கண்ணாடி மணிகளால் செரோக்கி பெண்கள் இத்தகைய பைகளைத் தைத்தார்கள். பட்டையின் இரண்டு பாதிகளிலும் வெவ்வேறு கோலம். முதலில் தவறோ என்று நினைத்தேன். இல்லை, அதுதான் செரோக்கிகளின் பூர்வீகமான தென்கிழக்கு அமெரிக்க வட்டாரத்துப் பைகளின் வழக்கமாம்.

1830இல் அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய பழங்குடியினர் வெளியேற்றச் சட்டத்தின் தொடர்ச்சியாக, 1838-39இல் சுமார் 16,000 செரோக்கி மக்கள் தென்கிழக்கு மலைகளிலிருந்து இங்கே துரத்தப்பட்டார்கள். வழியில் சுமார் 4,000 பேர் இறந்ததாக மதிப்பிடுகிறார்கள். அதற்குப் பிறகு இந்தத் தையலும் ஏறத்தாழ அற்றுப்போனது. எஞ்சிய பைகள் தொலைதூர அருங்காட்சியகங்களின் பெட்டிகளுக்குள் போய்ச் சேர்ந்தன.

அதை மீட்டவர்களில் முதன்மையானவர் மார்த்தா பெர்ரி. சிறு வயதில் அம்மாவிடமும் பாட்டியிடமும் துணி தைக்கவும் பூவேலை செய்யவும் கற்றவர். ஆனால் மணித்தையலைச் சொல்லித்தர யாரும் இல்லை. பழைய பைகளின் படங்களை உற்றுப் பார்த்தே தானாகக் கற்றுக்கொண்டார். 2013இல் செரோக்கி தேசம் அவருக்குத் 'தேசியப் பொக்கிஷம்' என்ற பட்டம் தந்தது. ஆசிரியர் இல்லாத இடத்தில் ஒரு பழைய பையையே ஆசிரியராக்கிக்கொண்ட அந்தப் பொறுமையை நினைத்தால் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

சரி, தையலுக்கு வருகிறேன். இதற்கு இரண்டு ஊசிகள் வேண்டும். முதல் ஊசியின் நூலில் மணிகளைக் கோத்துத் துணியில் வரைந்த கோட்டின்மேல் படுக்க வைக்க வேண்டும். இரண்டாவது ஊசி அடியிலிருந்து வந்து, இரண்டு மூன்று மணிகளுக்கு ஒருமுறை அந்த நூலைத் துணியோடு கட்டிவிட்டுப் போகும். வளைவில்தான் சிரமம். நூல் தளர்ந்தால் மணி தொங்கும், இறுகினால் துணி சுருங்கும். இரண்டு மணி நேரத்தில் என் விரல் நீளத்துக்கு ஒரு வெள்ளைக் கோடு வந்தது.

பக்கத்தில் இருந்த அம்மாவுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். 1950களில் பழங்குடியினரை நகரங்களுக்கு அனுப்பிய அரசுத் திட்டத்தில் அவருடைய அப்பா இந்த ஊரைவிட்டு டாலஸுக்குப் போனாராம், நான் குடியிருக்கும் அதே டாலஸ். வீட்டில் செரோக்கி மொழி பேசவே இல்லையாம். எழுத்துகளை இப்போதுதான் படிக்கிறார்.

சுவரில் ஓர் ஓவியத்தின் அச்சுப்படம் மாட்டியிருந்தார்கள்: கே வாக்கிங்ஸ்டிக் 2007இல் வரைந்த 'ஸ்மோக்கி மலைகளுக்குப் பிரியாவிடை'. செரோக்கி மக்கள் விட்டுவர நேர்ந்த பெரிய நீல மலைகள். அடியில் எறும்பு வரிசை போல நடந்துபோகும் மனிதர்கள். செரோக்கி அப்பாவிடமிருந்து விலகி, அம்மாவிடம் வளர்ந்தவர் அந்த ஓவியர். என் பக்கத்தில் இருந்த அம்மா தையலை நிறுத்தி நிறுத்தி அந்தப் படத்தையே பார்த்தார்.

அவர் தைத்த பட்டையின் ஒரு பாதியில் பழைய பையிலிருந்து எடுத்த கோலம் முடிந்திருந்தது. மறுபாதி வெறும் சிவப்புத் துணி.

"இதில் என்ன வரும்?" என்று கேட்டேன்.

"அப்பா சின்ன வயதில் குளித்த ஆறு. இல்லினாய் ஆறு, பக்கத்தில்தான் ஓடுகிறது. நாளைக் காலையில் போய்ப் பார்த்துவிட்டு வந்து வரைவேன்" என்றார்.

மறுநாள் காலை நானும் அவரோடு போனேன். கரையில் உட்கார்ந்து, ஒரு காகிதத்தில் வளைவை மட்டும் மூன்று முறை வரைந்து பார்த்தார்.